முக்கால் அடி உயர்ந்த கல்

எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தான். இருந்தும் இருபத்து நான்கு வயதுக்குள் நான் கடலை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டும் பள்ளிச் சுற்றுலா. இரண்டிலும் "தண்ணி கிட்ட போகாதே" என்று வாத்தியார் கத்தியதுதான் கடலைவிட அதிகமாக நினைவிருக்கிறது. அதனால் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரைக் கிராமத்துக்காரனான நான், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் மூன்று நாள் தங்கி வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்றே சொல்லிக்கொள்கிறேன். சாப்பாடு வேறு, காற்று வேறு, கும்பிடும் காரணமும் வேறு. நாங்கள் தண்ணீர் வரவேண்டும் என்று சாமி கும்பிடுவோம். அவர்கள் வந்த தண்ணீர் போகவேண்டும் என்று கும்பிடுகிறார்கள்.

என்னை அனுப்பியது செங்கல்பட்டில் இருக்கும் எங்கள் கட்டடப் பொறியாளர் சங்கம். ஓர் இரும்புக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். கொத்தனார்களுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறோம். வீடு கட்டுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆலோசனை சொல்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் பைபாஸ் ஓரத்தில் மரம் நடுகிறோம். அதே குழிகளில்தான் நடுகிறோம் என்பதால் குழி வெட்டும் செலவு இல்லை. நான் அதில் இணை உறுப்பினன். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை என்று தாலுகா ஆபீசில் முத்திரை குத்திக் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. என் வம்சத்தின் குறை எனக்குப் பயன்பட்ட ஒரே காகிதம் அது. இந்த வேலை முடிந்தால் முழு உறுப்பினர் சான்றிதழ் தருவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அப்பா அதைக் கேட்டு, சுவரில் ஆணியே அடித்துவிட்டார்.

வேலை இதுதான். குப்பத்துப் பள்ளியின் சத்துணவுக் கூடம் பள்ளத்தில் இருக்கிறது. பெருமழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும், அடுப்பு எரியாது, பிள்ளைகளைப் பசியோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும். கூடத்திலிருந்து பின்னால் இருக்கும் உப்பங்கழி வரைக்கும் ஒரு வடிகால் போட்டால் தீர்ந்தது. சங்கம் அதை இலவசமாகப் போடுகிறது. முதல் இரண்டு நாளில் நானும் சேகர் அண்ணனும் மட்டம் எடுக்கவேண்டும். மூன்றாம் நாள் ஞாயிறு. உறுப்பினர் ஒருவரின் ஜேசிபிக்கு அன்றைக்கு மட்டும்தான் ஓய்வு. அன்றே தோண்டி, அன்றே கால்வாய் வடிவில் முன்பே வார்த்த சிமெண்ட் வார்ப்புத் தொட்டிகளைப் பதித்து, அன்றே திறப்பு விழா.

வெள்ளி

சேகர் அண்ணன் சங்கத்தின் மூத்த வரைவாளர். நாற்பத்தைந்து வயது. எந்தக் கட்டடத்தையும் பார்த்த உடனே அதன் பிழையைச் சொல்வார், அதற்கடுத்து பக்கத்தில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று சொல்வார். பஸ்ஸில் மட்டம் பார்க்கும் லெவல் மெஷின் என் மடியில், அதை நிறுத்தும் முக்காலி அவர் காலடியில், அலுமினிய அளவுகோல் இருவருக்கும் நடுவில். அந்த அளவுகோல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளும் வகை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு பெரியவர் பிடிமானம் தேடி அதன் பொத்தானை அமுக்கினார். அது சர்ரென்று நீண்டு, முன்னால் நின்ற கண்டக்டரின் பையைத் தூக்கிக் கூரையில் ஒட்டவைத்தது.

"இன்னாய்யா இது?"

"அளவுகோல், சார்."

"பஸ்ஸ அளக்கப் போறியா? பஸ்ஸு மூணு பேரு சீட்ல அஞ்சு பேரு, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, அளவுகோலுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

குப்பத்தில் இறங்கியதும் எங்களை வரவேற்றவர் சத்துணவுச் சமையலர் கன்னியம்மா. உயரமான பெண்மணி. கையில் கரண்டியோடுதான் பேசுவார். எங்கள் பச்சைச் சட்டை, மஞ்சள் தலைக்கவசம், முக்காலி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். சுற்றிலும் மணலும் தென்னையும்தான். தலையில் விழக்கூடியது தேங்காய் மட்டுமே.

"நீதான் இன்ஜினீரா? சின்னப் புள்ளையா கீறியே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. தண்ணி கழிக்குப் போவுமா, திரும்பி எங்க அடுப்புக்கே வருமா?"

"நிச்சயமாகக் கழிக்குத்தான்மா போகும். அதற்குத்தான் மட்டம் எடுக்கிறோம்."

"போன வருசம் வந்தவனும் இப்டித்தான் தூய தமிழ்ல சொன்னான். மழ வந்துச்சு, சோத்துக் குண்டான் மெதந்து போச்சு. நாலு நாளு புள்ளைங்க வாயப் பாத்துக்கினு வூட்டுக்குப் போச்சுங்க. அதுல ஒரு புள்ள, நாளிக்கி முட்ட உண்டான்னு கேட்டுட்டுப் போவுது. நான் இன்னான்னு சொல்றது?"

நான் முக்காலியை மணலில் விரித்தேன். மெஷினை அதன்மேல் பொருத்தினேன்.

மட்டம் எடுப்பது பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அசையாத ஒரு கல்லையோ படியையோ பிடித்துக்கொண்டு, அதிலிருந்து மற்ற இடங்கள் எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று அளப்போம். அந்த அசையாத புள்ளிக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர். கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது: பெஞ்ச் மார்க் அசையக்கூடாது. தேர்வில் எனக்கு அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்.

வடிகால் போகும் வழியில் பாதித் தூரத்தில் ஒரு சிற்பப் பட்டறை. வேலிக்கு வெளியே, சாலை ஓரத்து மணலில், ஒரு கருங்கல் பலகை படுத்திருந்தது. நான்கடி நீளம், இரண்டடி அகலம். மாமல்லபுரத்தில் கருங்கல்லைவிட அசையாத பொருள் எது? ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாறைகள் அப்படியே நிற்கிற ஊர். சாயங்காலம் பள்ளியிலிருந்து அந்தக் கல் வரைக்கும் மட்டம் எடுத்து முடித்தோம். கல்லின் மேல் சிவப்பு பெயிண்டில் நானே முக்கோணக் குறி போட்டேன். அழகாக வந்தது. சேகர் அண்ணன் எதிர்த் தென்னையில் சங்கத்தின் பேனரைக் கட்டினார். அதில் தலைவரின் சிரித்த முகம், அதன் கீழே அவர் கைபேசி எண்.

அப்போது ஒரு பிரெஞ்சு தம்பதி ஆட்டோவை நிறுத்தி இறங்கி, லெவல் மெஷினை வெகுநேரம் பார்த்தார்கள். கணவர் ஏதோ கேட்டார். ஆட்டோக்காரர் மொழிபெயர்த்தார்: "இது எந்த ராஜா காலத்துதுன்னு கேக்குறாரு."

"சங்க காலம்னு சொல்லுங்க" என்றார் சேகர் அண்ணன். அவர்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

தங்கியது ஓர் உறுப்பினர் கட்டிக்கொண்டிருக்கும் லாட்ஜில், இன்னும் கதவு வைக்காத அறை. சாப்பாட்டில் நண்டுக் குழம்பு. எங்கள் ஊரில் வயல் நண்டைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது என்னைப் பார்த்தால் ஓடும். இது தட்டில் உட்கார்ந்து என்னை முறைத்தது. எதை உடைப்பது, எதை உறிஞ்சுவது என்று தெரியாமல் ஓட்டையே மென்றேன். "வாட்டம் பார்த்துக் கடிப்பா" என்றார் சேகர் அண்ணன், தண்ணீர் ஓடும் சரிவைச் சொல்லும் அதே குரலில்.

சனி

காலை நாஸ்தாவுக்கு இட்லியும் மீன் குழம்பும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அம்மா வைத்தியரைக் கூப்பிடுவார். ஆனால் அது எப்படிப்பட்ட சேர்க்கை என்றால், ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, எண்ணியது நான்குதான் என்று சாதிக்கத் தோன்றும். அந்த ஆறு இட்லியையும் நண்டையும் சுமந்துகொண்டு நடக்க முடியாமல்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கல்லிலிருந்து கழி வரைக்கும் மீதி மட்டம் எடுக்கவேண்டும். நான் மெஷினோடு தூரத்தில் நின்றுகொண்டேன். சேகர் அண்ணன் அளவுகோலோடு கல்லுக்குப் போனார். மெஷினின் கண்ணாடிக்குள் பார்ப்பவனுக்கு உலகம் என்பது ஓர் அளவுகோல் அகலம்தான். அளவுகோல் எதன்மேல் நிற்கிறது என்றுகூடத் தெரியாது.

"குறி அழிஞ்சி போச்சுப்பா!" என்று கத்தினார்.

காலையில் லேசாகத் தூறியிருந்தது. "வேற போட்டுக்குங்கண்ணே!" என்று நானும் கத்தினேன்.

எனாமல் பெயிண்ட் தூறலில் அழியாது. இது எனக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியவில்லை.

பதினோரு மணிக்குள் வேலை முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரமாதம். பள்ளியிலிருந்து கழி வரைக்கும் தரை ஒன்றேகால் அடி இறங்குகிறது. பள்ளி முனையில் ஒன்றரை அடியும் கழிமுனையில் ஓரடியும் ஆழம் வெட்டினாலே போதும். தலைவருக்கு அனுப்பினேன். உடனே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "நமது இளம் பொறியாளரின் துல்லியம்! அருமையான வாட்டம்!" என்று போட்டார். முப்பது கைகூப்பல்கள் வந்தன. மெஷினை இன்னொரு உறுப்பினர் அணுபுரத்தில் ஒரு வீட்டு வேலைக்காக வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கன்னியம்மாவிடம், "கவலையே வேண்டாம்மா" என்றேன்.

சாயங்காலம் டீ குடிக்கப் போனபோது பட்டறை வேலிக்கு வெளியே, அந்தக் கல் கிடந்த இடத்தில், உளிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். கைலி கட்டிய சிற்பி ஏழுமலை ஒரு கல் பலகையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கல்லின் இடது ஓரத்தில் சேகர் அண்ணன் போட்ட சிவப்புக் குறி. நடுவில் எங்கள் தலைவரின் பெயர். கல் மணலில் இல்லை. இரண்டு தடித்த மரக்கட்டைகளின்மேல் இருந்தது.

"இந்தக் கல்லு... எப்ப தூக்கினீங்க?"

"காலைல, அண்ணாத்த. நாஸ்தாக்கு முன்னாடி. கெடந்த வாக்குல எழுத்து வெட்டுனா முதுவு போயிரும்ல? ரெண்டு பேரு சேந்து பொரட்டி, கட்ட மேல ஏத்திட்டோம்."

"ஏன் எழுத்து வெட்டறீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே மார்க் போட்டுக்கினு போனீங்க? எங்க பட்டறைல செவப்பு மார்க் போட்டா கல்லு புக் ஆயிடுச்சுன்னு அர்த்தம். இன்னா வெட்டணும்னு சொல்லாம போய்ட்டாங்களேன்னு, பேனர்ல நம்பர் பாத்து போன் போட்டேன். அந்த சார், கல்வெட்டுதான் வேணும், நானே சொல்லலாம்னு இருந்தேன்னு குஷியாயிட்டாரு."

அளந்தேன். கட்டையோடு சேர்த்து கல்லின் மேற்பரப்பு முக்கால் அடி உயர்ந்திருந்தது. அதாவது இன்றைக்கு நான் எடுத்த எல்லா மட்டமும் முக்கால் அடி பொய். ஒன்றேகால் அடி இறக்கம் என்று நான் சொன்ன தரை, உண்மையில் அரையடிதான் இறங்குகிறது. என் கணக்குப்படி தோண்டினால் வடிகால் கிடைமட்டமாகப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். கழி நிறைந்தால் தயங்காமல் அடுப்புக்கு வரும்.

டீக் கடையில் விஷயத்தைச் சொன்னதும் சேகர் அண்ணன் இரண்டாவது வடையைப் பாதியில் நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அந்தக் கட்டை காலைல இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. நேத்தும் இருந்ததுன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நேத்தும் கட்டை இருந்ததுன்னே வச்சிக்கயேன். யாருக்குத் தெரியும்? தலைவர் குரூப்ல போட்டுட்டாரு. நாளைக்கு உனக்குச் சான்றிதழ். மழை வர்றப்ப வரட்டும்."

அணுபுரம்காரருக்கு எட்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மெஷின் இல்லாமல் மறுபடி மட்டம் எடுக்கவும் வழியில்லை, ஜேசிபிக்கு வேறு ஞாயிறும் இல்லை. முக்கால் அடி என்பது என் சந்தேகம் என்று யாராவது சொன்னால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் கழி ஓரமாக நடந்தேன். அங்கே ஒரு சண்டை. வடிகால் முடியும் இடத்தில் வீடு இருக்கும் பத்மா, மீன் விற்பவர், இடுப்பில் கூடையோடு நின்றார். எதிரே கன்னியம்மா, கரண்டியோடு.

"உன் அடுப்படித் தண்ணிய எங்கூட்டு வாசல்ல கொண்டாந்து வுடுவியா? போன மழைக்கே எனக்குத் தொடை வரிக்கும் தண்ணி!"

"தொடையா? உனக்கு இன்னாடி தொடை, நீ கீற ஒயரத்துக்கு கொட்டாங்குச்சித் தண்ணிகூடத் தொடைதான். எனக்கு முட்டி வரிக்கும் வந்துச்சு, நான் கத்துனேனா?"

"அப்ப எனக்குத்தான் ஜாஸ்தி! வந்து பாரு செவுத்த. கறை இன்னும் கீது!"

"எங்க செவுத்துலயுந்தான் கீது! வா, நீயும் வந்து பாரு!"

நான் நின்றுவிட்டேன். போன மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல், பள்ளியும் பத்மாவின் வீடும் ஒரே தண்ணீருக்குள் நான்கு நாள் நின்றிருக்கின்றன. நின்ற தண்ணீருக்கு மேடு பள்ளம் கிடையாது. அது இந்தச் சுவரில் போட்ட கறையும் அந்தச் சுவரில் போட்ட கறையும் ஒரே மட்டம். எந்தச் சிற்பியும் அதைப் புரட்டிக் கட்டைமேல் ஏற்ற முடியாது.

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தார்கள். பத்மா வீட்டுச் சுவரில் கறை தரையிலிருந்து இரண்டடி. சத்துணவுக் கூடத்துச் சுவரில் ஒன்றரை அடி. வித்தியாசம் அரையடி. நான் பயந்தது அப்படியே.

"இன்னா சொல்லுது செவுரு?" என்றார் கன்னியம்மா.

அப்போது பொய் சொல்லியிருக்கலாம். "நான் தப்பா அளந்துட்டேன்மா" என்றேன். தூய தமிழ் வரவில்லை.

அவர் கரண்டியைக் கீழே இறக்கினார். "நாளிக்கி உங்க பெரியவருகிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சொல்லாங்காட்டி நான் சொல்லுவேன். கரண்டியோட."

ஞாயிறு

பதினோரு பொறியாளர்கள் பச்சைச் சட்டையில் வந்து இறங்கினார்கள். இருபதடி பேனரும் ஒரு மாலையும் வந்தன. ஜேசிபியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. சங்கத்தின் வழக்கப்படி முதலில் குழுப்படம், அதன் பிறகுதான் மண். படம் எடுக்கப் போகும்போது நான் நடுவில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கல், கட்டை, தூறல், இட்லி உட்பட.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதினோரு பொறியாளர்கள், பதின்மூன்று கருத்து. ஒருவர் வேலையைத் தள்ளிவைக்கச் சொன்னார். ஒருவர் பம்ப் வைக்கலாம் என்றார். இன்னொருவர் இட்லி எந்தக் கடை என்று விசாரித்தார். தலைவர் மட்டும், "லெவல் மெஷின் சொன்னதைவிட சுவத்துக் கறை பெருசாப் போச்சா தம்பி?" என்று கேட்டார்.

"மெஷின் நான் காட்டினதைத்தான் சார் பார்த்தது."

ஜேசிபி டிரைவர் தலையை நீட்டினார். "மணி ஓடுது சார். ஆழமா வெட்டணுமா, அழகா வெட்டணுமா?"

தலைவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டி டேப்பை வாங்கினார். பத்மா வீட்டுச் சுவர் முன்னால், மீன் செதில் சிதறிக்கிடந்த மணலில், வெள்ளைப் பேண்ட்டோடு மண்டியிட்டார். அளந்தார். மறுபடி அளந்தார். பள்ளிக்கு நடந்து வந்து அங்கேயும் மண்டியிட்டு அளந்தார். எழுந்தபோது முட்டியில் இரண்டு செதில்கள் மினுங்கின. பேனரில் சிரிப்பவரைவிட இவர் வேறு ஆள் போலிருந்தார்.

"அரையடிதான்" என்று டிரைவரிடம் சொன்னார். "கழிமுனையில முக்கால் அடி சேர்த்து இறக்கு."

என் சான்றிதழ் அவர் பையிலிருந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினார். "அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

மதியம் மூன்று மணிக்குள் வார்ப்புத் தொட்டிகளைப் பதித்து முடித்தோம். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டப் போனபோது கன்னியம்மா குறுக்கே வந்தார். "மொதல்ல தண்ணி. அப்பறம் கத்திரிக்கோலு." பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து கூடத்து வாசலில் வடிகாலுக்குள் ஊற்றினார்கள். கன்னியம்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்தை அதில் போட்டார்.

கொத்து மெல்ல நகர்ந்தது. குப்பமே அதன் கூட நடந்தது. பட்டறைக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டது. தலைவர் குனிந்து பார்த்து, வழியில் உறைந்திருந்த ஒரு சிமெண்ட் கட்டியைக் கையாலேயே பெயர்த்து எறிந்தார். கொத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடியது, பத்மா வீட்டைத் தாண்டி, கழிக்குள் விழுந்தது.

"போயிடுச்சு!" என்று முதலில் கத்தியது பத்மா. "எங்கூட்டு வாசல்ல நிக்கவே இல்ல!"

அப்போதுதான் ஏழுமலை நான்கு பேரோடு கல்வெட்டைக் கொண்டுவந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர், எல்லோர் பெயரும் இருந்தன. எங்கே நிறுத்துவது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, கன்னியம்மா கூடத்து வாசலில் நின்று கீழே பார்த்தார். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் இப்போது ஒரு வடிகால்.

"இன்னா இன்ஜினீருங்களா, பதினோரு பேரு வந்தீங்க. சோத்துக் குண்டானத் தூக்கிக்கினு நான் எப்டித் தாண்டுறது?"

பதினோரு பேரோடு நானும் சேகர் அண்ணனும் வடிகாலைப் பார்த்தோம். மூடுபலகை யாருக்கும் நினைவில்லை. நான்கடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று வேண்டும். எல்லோருடைய பார்வையும் ஒன்றாகக் கல்லின்மேல் போய் நின்றது.

"பெயர் இருக்கும்மா, மிதிக்கக்கூடாது" என்றார் தலைவர் பலவீனமாக.

"அப்ப பேரக் கீழ போடு. மேல நாங்க நடக்குறோம். கீழ தண்ணி போறப்ப தெனம் உன் பேரப் படிச்சிக்கினு போவட்டும்."

தலைவர் சிரித்துவிட்டார். கல்லைப் புரட்டினார்கள். மேலே, வெள்ளிக்கிழமை நான் போட்ட முக்கோணம், ஒரு கீறல் கூட இல்லாமல் சிவப்பாக இருந்தது. கன்னியம்மா அதன்மேல் ஏறி நின்று, ஒரு குதி குதித்துப் பார்த்தார். அசையவில்லை. நான் மட்டப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்: பெஞ்ச் மார்க், சத்துணவுக் கூடத்து வாசல்.

சான்றிதழை அடுத்த மாதம் சேகர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு டீக் கறை. அப்பா துடைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. நான் இப்போதெல்லாம் கறைகளைக் குறை சொல்வதில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம் கைபேசி அடித்தது. பின்னணியில் தட்டுகளின் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும்.

"இன்ஜினீரு, அடுப்பு எரிஞ்சிக்கினு கீது. இன்னிக்கி முட்டை" என்றார் கன்னியம்மா. "உங்க பெரியவருகிட்ட சொல்லு. தண்ணி அவரு பேரப் படிக்கிற வேகத்துக்கு, இந்நேரம் பாஸ் ஆயிருக்கும்."